விரலறிவும் கண்ணறிவும்: வன்னியிற் கணினி கற்ற வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் குளங்களையும் காடுகளையும் வன்னிமைகளின் ஆட்சியையும் பற்றியே பெரிதும் எழுதிச் சென்றுள்ளனர். 1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் தொடக்கம் அண்மைக்காலப் போரைப் பற்றிய நூல்கள் ஈறாக இந்நிலையையே காணலாம். நிலமும் நீரும் போரும் ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வை நிர்ணயித்தன என்பது மறுக்கற்பாலதன்று. ஆயினும், அம்மக்கள் எழுதுவதற்கு எவ்வெக் கருவிகளைக் கைக்கொண்டனர், அக்கருவிகளைப் பயன்படுத்த எவ்வாறு கற்றனர் என்பதும் வரலாற்றின் பாற்படுவதே. கச்சேரியில் ஒரு விண்ணப்பத்தைத் தட்டச்சிடத் தெரிந்தவருக்கு வேலை உண்டு; தெரியாதவர் வரிசையில் நிற்க வேண்டும். இந்த வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதை அறிய வேண்டுமாயின், சாவிப்பலகையின் வரலாற்றையும், கணினித் திரையிலுள்ள பட்டிகள், கருவிப்பட்டைகள் ஆகியவற்றின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு விளக்கம் இன்றியமையாதது. திரையின் மேற்புறத்தில் ‘கோப்பு’, ‘தொகுப்பு’ என்றவாறு வரிசையாக நின்று, தொட்டவுடன் கட்டளைகளை விரித்துக் காட்டும் மெனுவை இங்கே பட்டி என்கிறோம். அச்சுப்பொறி, கத்தரிக்கோல் போன்ற சிறு படங்களைக் கொண்ட நீண்ட பட்டை கருவிப்பட்டையாகும். இரண்டு மூன்று சாவிகளை ஒருசேர அழுத்தி ஒரு கட்டளையை நிறைவேற்றுவது குறுக்குவழிச் சாவி எனப்படும். தமிழகத்தார் விசைப்பலகை என்பதை ஈழத்துப் பாடநூல்கள் சாவிப்பலகை என்கின்றன. இக்கட்டுரையும் அவ்வழக்கையே பின்பற்றுகின்றது.

தமிழிற் பொறி கொண்டு எழுதும் கலை கணினியோடு தொடங்கியதன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இற் பிறந்து, 1907இல் மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தவர் என்பது தமிழறிந்தோர் அறிந்த செய்தியே. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களை ஆங்கிலப் பொறியின் சில பத்துச் சாவிகளுள் அடக்குவதே அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடு. உயிர்மெய்களைத் தனித்தனியே வார்க்காது, மெய்யின் வடிவத்தையும் உயிர்க்குறியையும் பிரித்து, இரண்டையும் தாளின்மீது சேர்த்து எழுத்தாக்கும் முறையை அவர் கையாண்டார். அவரது பொறி ஜேர்மனியில் உற்பத்தி செய்யப்பட்டது. அன்று வகுக்கப்பட்ட எழுத்தொழுங்கே தட்டச்சு வகுப்புகளின் முதற்பாடமாகிய ‘ய, ள, ன, க, ப’ என்பதாக நிலைபெற்றது. ஆங்கிலத்தில் ‘ஏ, எஸ், டீ, எஃப், ஜீ’ என்னும் சாவிகள் அமைந்த அதே இடங்களில் இவ்வைந்து எழுத்துக்களும் அமைந்திருந்தன என்பதை இங்கு மனத்திருத்துதல் வேண்டும். பின்னர் இதற்குப் பெரும் முக்கியத்துவம் ஏற்படவிருந்தது.

தட்டச்சு வகுப்பிற் கற்பிக்கப்பட்டது விரலறிவாகும். மாணவர் சாவிகளைப் பார்க்கக் கூடாது என்பதே அங்கு முதல் விதி. எந்த விரல் எவ்வெழுத்துக்கு உரியது என்பதைப் பல வாரங்கள் திரும்பத் திரும்ப அடித்துப் பழகினர். இந்த அறிவை நூலில் எழுதிவைக்க இயலாது; கற்றவரிடம் கேட்டால் ‘க’ எங்கே இருக்கிறது என்று உடனே சொல்லவும் அவருக்குத் தெரியாது, விரலை அசைத்துப் பார்த்தே சொல்வார். நீந்தத் தெரிந்தவருக்கு நீச்சலை விளக்கத் தெரியாதது போன்றதே இதுவும்.

வன்னியில் இவ்வறிவுக்கான தேவை அரசியற் காரணங்களாலும் நிர்வாகக் காரணங்களாலும் வளர்ந்தது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தின் பின்னர், 1958இன் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டமும் அதன்கீழ் 1966இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளும் வடக்குக் கிழக்கு நிர்வாகத்தில் தமிழுக்கு ஓரளவு இடமளித்தன. 1978இல் முல்லைத்தீவு தனி மாவட்டமாக்கப்பட்டது; 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து கிளிநொச்சி பிரிக்கப்பட்டது. மாவட்டம் தோன்றும் இடத்திற் கச்சேரி தோன்றும். கச்சேரி தோன்றும் இடத்தில் எழுதுவினைஞரும் தட்டச்சாளரும் தோன்றுவர். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆனால் அத்திருத்தத்தின் பயனை வன்னியின் அலுவலகங்கள் அமைதியாக நுகர்வதற்கு முன்னரே காலம் வேறுவிதமாகத் திரும்பிவிட்டது.

இனி, கடலுக்கு அப்பால் நிகழ்ந்தவற்றைச் சிறிது நோக்குவோம். ஏனெனில், பின்னர் வன்னிக்கு வந்துசேர்ந்த பட்டிகளும் சாவிக் கூட்டுகளும் எங்கோ ஓரிடத்தில், வேறு மொழி பேசுவோருக்காக ஆக்கப்பட்டவையாகும்.

புதிதாகக் கற்பவருக்கும் பழகியவருக்கும் ஒரே பொறி எவ்வாறு உதவுவது என்னும் வினாவுக்கு மிக நேர்த்தியான விடைகளுள் ஒன்று, 1978இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் என்னும் எழுத்துச் செயலியிற் காணப்பட்டது. அதிற் கட்டளைகள் யாவும் கொன்ட்ரோல் என்னும் சாவியுடன் வேறு எழுத்துக்களைச் சேர்த்து அழுத்துவதாலேயே நிறைவேறின. திரையின் மேற்பாதியில் அக்கட்டளைகளின் பட்டியல் காட்டப்படும். பயனாளர் தேர்ச்சியடைய, உதவி மட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பட்டியல் மறைந்து எழுதுவதற்கான இடம் பெருகும். மேலும், ஒரு கட்டளையின் முதற் சாவியை அழுத்திவிட்டுத் தயங்கினால் மாத்திரமே அதற்குரிய பட்டியல் தோன்றும். தயங்காது இரண்டாம் சாவியையும் அழுத்துபவர் பட்டியலைக் காண்பதேயில்லை. ஐயப்படுபவனுக்கு மட்டும் விளக்கம் சொல்லும் நல்லாசிரியன் ஒருவனின் இயல்பு அப்பொறியில் இருந்தது எனலாம். அதன்பின் வந்த எத்தனையோ செயலிகள் இவ்வியல்பைக் கைவிட்டமை வியப்புக்குரியது.

கண்ணாற் கண்டு கையாற் சுட்டும் முறை வேறொரு வழியாக வந்தது. 1968 டிசம்பர் 9இல் சான்பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் சுட்டியைப் பொதுமக்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். 1970களில் சிரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வகத்தில் லரி ரெஸ்லர் முதலியோர் வெட்டுதல், ஒட்டுதல் என்னும் கருத்துக்களை எழுத்துச் செயலியிற் புகுத்தினர். ரெஸ்லர் பின்னர் அப்பிள் நிறுவனத்திற் சேர்ந்தார். 1983இல் அந்நிறுவனம் வெளியிட்ட லீசா என்னும் கணினியில், வெட்டுவதற்கு எக்ஸ், நகலெடுக்கச் சீ, ஒட்டுவதற்கு வீ, செய்ததை மீளப்பெற இசட் என்னும் நான்கு சாவிகள் வழங்கப்பட்டன. விண்டோஸின் 1992ஆம் ஆண்டுப் பதிப்பாகிய 3.1 அவற்றைக் கொன்ட்ரோல் சாவியுடன் இணைத்து ஏற்றுக்கொண்டது. ஆங்கிலம் அறிந்தவருக்குச் சீ என்பது நகல் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. எக்ஸ் விரிந்த கத்தரிக்கோல் போன்றது. வீக்கும் இசட்டுக்கும் அத்தகைய காரணத்தைத் தேடுவது கடினம். அவை ஏனையவற்றின் அருகே, இடக்கையின் அடிவரிசையில் அமைந்திருப்பதே அவற்றின் தகுதி. ஆகவே ஆங்கிலேயனுங்கூட இந்நான்கிற் பாதியை இடத்தால்தான் கற்கிறான். கருவிப்பட்டைகள் 1990ஐ அண்டிய ஆண்டுகளில் மைக்ரோசொப்டின் எக்செல், வேர்ட் ஆகியவற்றில் இடம்பெறத் தொடங்கின.

இவை உலகெங்கும் பரவிய அதே பத்தாண்டில் வன்னி இருளில் இருந்தது. இது அணிநயம் கருதிச் சொன்னதன்று. 1990இற் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் வன்னியின் பெரும்பகுதி தேசிய மின்வழங்கலிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. எரிபொருளும் மின்கலமும் பொருளாதாரத் தடைக்குள் அடங்கின. விண்டோஸ் 95 வெளிவந்து சில மாதங்களே கழிந்த நிலையில், 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர்; அவருட் பலர் வன்னிக்கு வந்தனர். 1996இற் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமாயிற்று. 1998இல் மீண்டும் கைமாறிற்று. மண்ணெண்ணெய் விளக்கில் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படித்த ஒரு தலைமுறைக்குச் சுட்டி என்னும் சொல் நெற்றியில் அணியும் ஆபரணத்தையே குறித்தது. அரசகட்டுப்பாட்டில் இருந்த வவுனியா நகரத்தின் நிலை வேறு. அங்கு 1991இல் வடமாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாயிற்று. 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் கணினிக் கல்விக்கு வன்னியில் ஒரு நிலையான இருப்பிடத்தை அமைத்துக் கொடுத்தது. ஆனால் ஓமந்தைக்கு வடக்கே வாழ்ந்த ஒருவருக்கு அந்த இருப்பிடம் பல சோதனைச் சாவடிகளுக்கு அப்பாற்பட்டதாகும்.

2002 பெப்ரவரி 22இற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அச்சாலை வழியாகச் சீமெந்தும் சைக்கிளும் வந்ததுபோற் கணினியும் வந்தது. கிளிநொச்சியில் வன்னிரெக் எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட வன்னித் தொழினுட்ப நிறுவகம், புலம்பெயர்ந்து வாழ்ந்த தமிழ்த் தொழினுட்பவியலாளரின் முயற்சியால் உருவாயிற்று. அங்கு கணினியும் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டன. வெளிநாடுகளிலிருந்து தொண்டர்கள் வந்து கற்பித்தனர். கணினியையும் ஆங்கிலத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்தமை தற்செயலானதன்று. திரையிலிருந்த பட்டிகள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை வாசிக்காமற் கணினியைக் கற்க இயலாது என்பதே அன்றைய எண்ணம்.

இவ்வெண்ணம் பாதியளவே சரியானது என்பதற்கு அக்காலத்து எழுத்துருக்களே சான்று. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் அன்று பெருவழக்கில் இருந்தது பாமினி என்னும் எழுத்துருவாகும். அதன் ஒழுங்கு பழைய தட்டச்சுப்பொறியின் ஒழுங்கே. ‘ய, ள, ன, க, ப’ என்று அடித்துப் பழகிய விரல்கள் கணினியின்முன் அமர்ந்தவுடன் தடையின்றி இயங்கின. ஆனால் கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழ் என்று ஒன்று இல்லை. தமிழ் என்னும் சொல்லை எழுத விரும்பியவர் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து சாவிகளை அழுத்தினார். கணினி தன் நினைவில் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளையே வைத்துக்கொண்டது. திரையில் மட்டும் அவற்றுக்குத் தமிழ் உடுத்திக் காட்டியது. பாமினி இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் உடை களைந்து பொருளற்ற ஆங்கிலக் குறிகள் வெளிப்பட்டன.

இதன் விளைவுகளே வன்னியிலும் ஏனைய தமிழ்ப் பிரதேசங்களிலும் புதிய கணினிப் பயனாளரைப் பட்டிகளின் ஆழத்துக்கு இட்டுச் சென்றன. மைக்ரோசொப்ட் வேர்ட் ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு உதவும் நோக்குடன், வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. ஆங்கிலத்திற் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் ஒரே ஒலியின் இரு வடிவங்கள். பாமினியிலோ அவை வெவ்வேறு எழுத்துக்கள். சிறிய ஜே தகரம். பெரிய ஜே துகரம். ஆகவே வாக்கியத் தொடக்கத்தில் ‘தமிழ்’ என்று எழுதி அடுத்த சொல்லுக்குச் சென்றவுடன் அது ‘துமிழ்’ ஆயிற்று. ‘கல்வி’ ‘குல்வி’ ஆயிற்று; ‘எனவே’ ‘ஏனவே’ ஆயிற்று; ‘பெரிய’ ‘பேரிய’ ஆயிற்று. இவை பிழையெனக் கண்ணுக்குத் தெரிவன. கண்ணுக்குத் தெரியாதன வேறு இருந்தன. ‘கலை’ ‘குலை’யாகவும், ‘உடல்’ ‘ஊடல்’ ஆகவும், ‘அவர்’ ‘ஆவர்’ ஆகவும் மாறும்போது மாறியவையும் தமிழ்ச் சொற்களே. அட்டவணைகளின் ஒவ்வொரு கட்டத்திலும் முதலெழுத்தைப் பெரிதாக்கும் ஏற்பாடும் பிற்பட்ட பதிப்புகளில் இருந்தது. பெயர்ப்பட்டியல் ஒன்றில் ‘கணேசன்’ என எழுதப்பட்டவர் ‘குணேசன்’ ஆவதற்குத் தட்டச்சாளரின் கவனக்குறைவு வேண்டியதில்லை. கவனமாகச் சரியாக அடித்தாலே போதும். அடையாள அட்டையிலுள்ள பெயருக்கும் பட்டியலிலுள்ள பெயருக்கும் இடையில் ஓரெழுத்து வேறுபட்டால் இந்நாட்டில் என்ன நேரும் என்பதை வன்னி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மறுபுறத்தில், எழுதிய தமிழ் முழுவதையும் பிழையான ஆங்கிலம் எனக் கருதி அச்செயலி ஒவ்வொரு சொல்லின் கீழும் சிவப்புக் கோடிட்டது. பிழையின்றி எழுதியதற்குக் கோடு. சரியானதைப் பிழையாக்கியதற்கு மௌனம்.

இந்நோய்க்கு மருந்து இரண்டு இருந்தன. ஒன்று கண்ணறிவு சார்ந்தது: ‘கருவிகள்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பட்டியைத் திறந்து, அதில் ‘தன்னியக்கத் திருத்தம்’ என்னும் வரியைத் தேடி, விரியும் பெட்டியில் உரிய கட்டத்திலிருந்த சரிக்குறியை நீக்குதல். மற்றையது விரலறிவு சார்ந்தது: எழுத்து மாறிய மறுகணமே கொன்ட்ரோல் சாவியுடன் இசட்டை அழுத்துதல். அவ்வாறு அழுத்தினால் செயலி செய்த திருத்தம் மட்டும் நீங்கும். எழுதியவர் எழுதியது நிற்கும். முதலாவது நிரந்தரத் தீர்வு. ஆனால் அதற்கு ஆங்கிலமும் பட்டிகளின் அமைப்புப் பற்றிய தெளிவும் வேண்டும். இரண்டாவது ஒவ்வொரு முறையும் செய்யவேண்டியது. ஆனால் அதற்கு ஒரு சொல்லும் வாசிக்க வேண்டியதில்லை. செயற்பாடு ஒன்றை மீளப்பெறுதல் என்னும் கருத்தை விளக்குவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு ஆங்கிலக் கைந்நூல் எதிலும் இராது.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது கொன்ட்ரோல்-எஸ் என்னும் சேமிப்புக் கட்டளை. மின்பிறப்பாக்கியில் இயங்கும் கணினியில் எரிபொருள் தீர்ந்தால் திரை அணையும், சேமிக்காதது போய்விடும். பட்டியைத் திறந்து, வரியைத் தேடி, சுட்டியால் அழுத்திச் சேமிப்பவர் ஒரு பக்கத்துக்கு ஒருமுறை சேமிப்பார். இரு விரலாற் சேமிப்பவர் வாக்கியத்துக்கு ஒருமுறை சேமிப்பார். மின்சாரம் தடைப்படாத நாடுகளிற் குறுக்குவழிச் சாவி வேகத்துக்கான வசதி. வன்னியில் அது காப்புறுதியாகும்.

2006 ஓகஸ்டில் ஏ-9 மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி 2இற் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்து முள்ளிவாய்க்காலில் ஒடுங்கினர். அவ்வாண்டு மே மாதத்தில் யாவும் முடிந்தன. அம்மாதங்களைப் பற்றிப் பிறர் எழுதியுள்ளனர். இக்கட்டுரையின் பொருளோடு தொடர்புடையது ஒன்றே: வன்னியில் ஏழாண்டுகளாகத் திரட்டப்பட்ட கணினிகளும் அவற்றில் எழுதப்பட்டவையும் பெரும்பாலும் அழிந்தன, கற்றவர்களுள்ளும் பலர் மீளவில்லை. மீண்டவர் தம்முடன் கொண்டுவரக்கூடியது தம் தலையிலும் விரல்களிலும் இருந்ததை மட்டுமே.

அவ்வாறு மீண்டவர் செட்டிக்குளத்து முகாம்களைக் கடந்து, மீள்குடியேறி, ஏதேனும் ஓர் அலுவலகத்திலோ கடையிலோ கணினியின்முன் அமர்ந்தபோது வேறொரு புதுமை காத்திருந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2007ஆம் ஆண்டுப் பதிப்பிற் பழைய பட்டிகளை முற்றாக நீக்கிவிட்டு, ‘ரிபன்’ எனப்படும் அகன்ற நாடாவை அவ்விடத்தில் வைத்திருந்தது. ‘கோப்பு’ என்னும் பட்டியைக்கூடக் காணவில்லை. அதற்குப் பதிலாக மூலையில் ஒரு வட்டப் பொத்தான். ‘கருவிகள்’ என்னும் பட்டி மறைந்து, தன்னியக்கத் திருத்தம் அவ்வட்டப் பொத்தானுக்குள் பல படிகள் தாண்டி ஒளிந்துகொண்டது. இம்மாற்றம் உலகெங்கும் முணுமுணுப்பை ஏற்படுத்தியது உண்மையே. ஆனால் இலண்டன் அலுவலர் ஒருவர் ஒருவாரப் பயிற்சியில் அதைக் கடந்தார். ஒவ்வொரு வரியும் எங்கே இருக்கிறது என்று அந்நிய மொழியில் மனனம் செய்து கற்றவருக்கு அது கற்ற கல்வி முழுவதும் செல்லாக்காசான அனுபவம். அக்காலக் கணினிக் கைந்நூல்களைப் புரட்டிப் பார்ப்போர், அவை ‘இப்பட்டியில் இவ்விவ் வரிகள் உள்ளன’ என்று பட்டி பட்டியாக வரிசைப்படுத்திச் செல்வதைக் காணலாம். அத்தகைய பாடம் ஊரின் ஒழுங்கைகளை மனனம் செய்வது போன்றது. ஊர் இடிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்டால் அதனாற் பயனில்லை. இவ்வுவமையை வன்னி வாசகர் உவமையாக மட்டும் கொள்ளார்.

விரலறிவோ அழியவில்லை. கொன்ட்ரோலுடன் சேர்ந்த எஸ், சீ, எக்ஸ், வீ, இசட், பீ ஆகிய யாவும் முன்போலவே இயங்கின. அதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பழைய பதிப்பில் அல்ட் சாவியுடன் ரீயை அழுத்தினாற் ‘கருவிகள்’ பட்டி திறக்கும். அடுத்து ஏயை அழுத்தினால் தன்னியக்கத் திருத்தப் பெட்டி வரும். புதிய பதிப்பில் அப்பட்டி இல்லை. ஆயினும் அல்ட், ரீ, ஏ என்று பழைய பழக்கத்தில் அழுத்தியவருக்கு அதே பெட்டி வந்தது. நிறுவனத்தார் கண்ணுக்குத் தெரிந்த வீட்டை இடித்தபோதும், பழகியவர் இருட்டில் நடந்துவந்த பாதையை மட்டும் விட்டுவைத்திருந்தனர். வீட்டை இடித்தவர்களே இதைச் செய்தமையாற் பழைய சாவிகளின் வலிமையை அவர்கள் அறிந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும். அறிந்ததைப் பயனாளருக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

இதனால் பட்டிகளாற் பயனில்லை என்று முடிவு கட்டுதல் தவறு. எதைச் செய்ய இயலும் என்பதைப் பட்டியே காட்டுகின்றது. சாவி, ஏற்கெனவே அறிந்ததைச் செய்ய மட்டுமே உதவும். பழைய பட்டிகளில் ஒவ்வொரு வரியின் வலப்புறத்திலும் அதற்குரிய சாவிக் கூட்டு எழுதப்பட்டிருந்தது. பட்டியிலே தொடங்கியவர் நாளடைவிற் பட்டியைத் துறக்கும் வழி அதிலேயே பொதிந்திருந்தது. புதிய நாடாவிலோ சுட்டியைப் படத்தின்மேற் சிறிது நேரம் நிறுத்தினால் மட்டுமே அக்குறிப்புத் தோன்றும். தயங்குபவனுக்கு விளக்கம் சொன்ன வேர்ட்ஸ்டாரின் பண்பு ஒருவாறு மீண்டது எனலாம். ஆனால் புதியவர் படத்தின்மேல் நிறுத்துவதில்லை, அழுத்திவிடுகிறார்.

பட்டிகள் தமிழில் இருந்திருப்பின் இத்துன்பம் நேர்ந்திராதே எனச் சிலர் வினவக்கூடும். தமிழ்ப் பட்டிகள் இல்லாமற் போகவில்லை. கட்டற்ற மென்பொருளாளர் 2000களின் தொடக்கத்திலேயே தமிழ் இடைமுகங்களை ஆக்கினர். மைக்ரோசொப்ட் நிறுவனமும் விண்டோஸுக்குத் தமிழ் இடைமுகப் பொதியை வெளியிட்டது. எனினும் அவை அலுவலகங்களிலும் வகுப்புகளிலும் வேரூன்றவில்லை. கலைச்சொற்கள் பெரும்பாலும் தமிழகத்து வழக்கைத் தழுவியிருந்தமை ஒரு காரணம். பரீட்சைக்கும் வேலைக்கும் ஆங்கிலப் பட்டியே வேண்டப்பட்டமை மற்றொரு காரணம். இவற்றினும் ஆழமான காரணம் சாவிகளில் இருந்தது. ஆங்கிலப் பட்டியில் ஒவ்வொரு சொல்லிலும் ஓரெழுத்தின் கீழ்க் கோடிட்டு, அல்ட் சாவியுடன் அவ்வெழுத்தை அழுத்துமாறு குறிப்புத் தரப்படும். தமிழ்ப் பட்டியில் அவ்வாறு செய்ய வழியின்மையால், ‘கோப்பு’ என எழுதி அதனருகே அடைப்புக்குறிக்குள் எஃப் என்னும் ஆங்கில எழுத்தை இட்டனர். தமிழில் வாசிப்பவனும் ஆங்கிலச் சாவியையே தேடவேண்டியிருந்தது. ஆனால் அச்சாவி ஏன் எஃப் என்பதற்கான காரணம் மட்டும் மொழிபெயர்ப்பில் தொலைந்துவிட்டது. இந்நிலையில், பட்டியை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு விளக்கத்தைத் தமிழிற் கூறிய வன்னி ஆசிரியரின் நடைமுறை தோல்வியின் அடையாளம் அன்று. இருந்தவற்றுள் நியாயமான தெரிவு அதுவே.

போருக்குப் பின்னர் எழுத்துத் துறையிலும் மாற்றம் நிகழ்ந்தது. தமிழுக்கு 1991இலேயே யூனிகோட்டில் இடம் வகுக்கப்பட்டிருந்தது. இலங்கையில் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமம் 2008இல் வெளிவந்து, தட்டச்சு ஒழுங்கைத் தழுவிய ரெங்கநாதன் சாவிப்பலகையை ஏற்றுக்கொண்டது. முத்தையாவின் விரல்கள் இவ்வகையில் மேலும் ஒரு நூற்றாண்டுக்குள் நுழைந்தன. யூனிகோட்டில் எழுதியவருக்குத் தகரம் துகரமாகும் அச்சம் இல்லை. கணினி முதன்முறையாகத் தமிழைத் தமிழ் என்றே அறிந்தது. போரிற் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் இழந்தோருக்கு நடமாடும் சேவைகள் வாயிலாக மீண்டும் ஆவணங்கள் வழங்கப்பட்ட காலமும் இதுவே. ஒரு மாவட்டத்து மக்களின் பெயர்கள் பெருந்தொகையாக மீள எழுதப்பட்ட வேளையில் எழுத்து முறையும் மாறிக்கொண்டிருந்தது என்பது பதிவேட்டு வரலாற்றில் ஆராயத்தக்க விடயம்.

மின்சாரமும் வந்தது. போர் முடிந்தபின் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு உயரழுத்த மின்கம்பித் தொடர் அமைக்கப்பட்டது. 2016இற் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் அங்கேயே இயங்குகின்றது. பாடசாலைகளிலே தகவல் தொடர்பாடற் தொழினுட்பம் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் உரிய பாடமாகத் தமிழிற் கற்பிக்கப்படுகின்றது. இன்றைய மாணவர் கைப்பேசியில் பெருவிரலால் தமிழ் எழுதிப் பழகியவராய் வகுப்புக்கு வருகிறார். கைப்பேசியிற் பட்டியும் இல்லை, கொன்ட்ரோலும் இல்லை. எழுதுவதில் முதிர்ந்தவராகவும் சேமிப்பதிற் புதியவராகவும் அவர் கணினியின்முன் அமர்கிறார். தட்டச்சாளர் விட்ட இடத்திலிருந்து அவருக்குக் கற்பிக்கத் தொடங்குவதா, அன்றிப் பட்டியிலிருந்தே தொடங்குவதா என்னும் வினா அவ்வாசிரியர்முன் மீண்டும் எழுகின்றது.

பாமினியில் எழுதப்பட்ட பழைய கோப்புகள் இன்னும் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் எஞ்சியுள்ளன. அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றும் செயலிகள் தம் வேலையைச் செவ்வனே செய்கின்றன: பெரிய ஜேயைக் கண்டால் துகரமாகவே மாற்றுகின்றன. இருபதாண்டுகளுக்கு முன்னர் எவரோ ஒருவர் கொன்ட்ரோல்-இசட்டை அழுத்த மறந்த இடங்களிலெல்லாம் ‘துமிழ்’ என்னும் சொல் அழியாத எழுத்தாக வந்து நிற்கின்றது. அதைத் திருத்த விரும்புவோர் கொன்ட்ரோலுடன் எச்சை அழுத்தி, மேற்கட்டத்திற் ‘துமிழ்’ எனவும் கீழ்க்கட்டத்தில் ‘தமிழ்’ எனவும் எழுதி, எல்லாவற்றையும் ஒருசேர மாற்றலாம். ‘குலை’யை அவ்வாறு மாற்ற முடியாது, தென்னந்தோட்டம் பற்றிய அறிக்கையில் அது குலையாகவே இருந்திருக்கவுங்கூடும். அதை ஒவ்வொன்றாக வாசித்தே தீர்மானிக்க வேண்டும்.